அப்பா ஒரு வருடம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார்

நடுச்சாமம் | பதிவு 1

இங்கே பல மாதங்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. பெருங்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது அவருக்கு 61 வயது. நோய் அதற்குள் கல்லீரல் வரை போயிருந்தது. பிறகு பதினான்கு மாதம் இருந்தார். அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. அதற்கு முந்தைய ஒரு வருடம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. வயசாகிறது என்றார். ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.9. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் 10.8 ஆனது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி இறங்கியது. மறுபடி மாத்திரை. இரும்புச்சத்து சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும் என்று சொல்லியிருந்ததால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் ஏன் குறைகிறது, குறைகிற ரத்தம் எங்கே போகிறது என்று அந்த ஒரு வருடத்தில் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு மேசை இழுப்பறையை ஒழித்தேன். சவரப் பெட்டிக்குப் பின்னால் மூலத்துக்குப் போடுகிற களிம்பு, ஆறு டியூப். ஐந்து காலி, ஒன்றில் பாதி இருந்தது. அம்மாவுக்கே தெரியாது. ரத்தம் போவதைப் பார்த்து, மூலம் என்று தானே முடிவு செய்து, தானே மருந்து வாங்கி, ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

கேட்க வந்தது இதுதான். நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்திருந்தால் அப்பா இருந்திருப்பாரா? அப்புறம், எனக்கு 37 வயது, அக்காவுக்கு 41. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அக்கா இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.


வெளிச்சக்குழாய் | பதிவு 2

நண்பரே, முதலில் என் வருத்தங்கள். நான் எண்டோஸ்கோபி அறையில் செவிலியராகப் பதினாறு வருடம் வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவைப் போன்ற அப்பாக்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். களிம்பு டியூப் கதையும் எனக்குப் புதிதில்லை. உள்ளே வந்து படுத்த பிறகு, மயக்க மருந்துக்கு முன்னால், மனைவி வெளியே இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான், "சிஸ்டர், எட்டு மாசமா ரத்தம் போகுது" என்று மெதுவாகச் சொல்வார்கள்.

இருந்திருப்பாரா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்ன முளையாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறச் சாதாரணமாகப் பத்து வருட அளவு ஆகும். அந்தப் பத்து வருடத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம், வலிக்காது. குடலோடு நின்ற நிலையில் கண்டுபிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று தூரமாகப் பரவிய பிறகு என்றால் அது 15% அளவுக்கு விழுந்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்னால் எந்த நிலையில் இருந்தது என்பது அவருடைய குடலுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நீங்கள் இருவரும் செய்ய வேண்டியது தெளிவு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை, இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 61, பத்தைக் கழித்தால் 51. ஆக உங்களுக்கு 40. அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு வருடம் தாண்டிவிட்டது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பாவுக்குத் தம்பி, தங்கை யாராவது இருக்கிறார்களா? பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். உடன்பிறந்தவர்களை மறந்துவிடுகிறார்கள்.


மொட்டைமாடி | பதிவு 3

தப்பாக நினைக்க வேண்டாம். என் மாமாவுக்கும் சதை எடுத்துப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் வேகமாகப் பரவியது. குழாய் விட்டுக் கிளறாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.


வெளிச்சக்குழாய் | பதிவு 4

மொட்டைமாடி, இதை எங்கள் அறை வாசலில் தினமும் கேட்கிறேன், கோபமே வராது. நோய் முற்றிய பிறகு பயாப்ஸி எடுக்கிறார்கள், முற்றிய நோய் அடுத்த சில மாதத்தில் பரவத்தான் செய்யும். எது முன்னால் நடந்ததோ அதன்மேல் பழி விழுகிறது. குடலில் சதை எடுப்பதால் நோய் வேகம் பிடிப்பதில்லை. எடுக்காவிட்டால் என்ன நோய் என்றே தெரியாது, என்ன கீமோ கொடுப்பது என்றும் தெரியாது.

கொலோனோஸ்கோபியில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் உண்டு. பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசிவதும் உண்டு. கையெழுத்து வாங்கும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.


சந்தேகப்பிராணி | பதிவு 5

நான் இந்தத் தளத்தில் எதற்கும் மறுத்துப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன், ஆகவே வழக்கப்படி.

"முன்கூட்டியே பார்த்தால் உயிர் பிழைக்கலாம்" என்பதை மந்திரம் மாதிரிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் 65 வயதில் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63ல் கண்டுபிடித்தால் இரண்டு வருடம் வாழ்ந்தார் என்போம். 58ல் கண்டுபிடித்தால் ஏழு வருடம் என்போம். இறந்த நாள் அதே நாள்தான். நோயாளி என்ற பட்டம் மட்டும் ஐந்து வருடம் கூடுதல். ஐந்து வருடப் பிழைப்பு விகிதத்தை வைத்து ஸ்கிரீனிங்குக்கு வாதாடுவதில் இருக்கிற ஓட்டை இது.

தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்யத் தொடங்கியதும் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் பதினைந்து மடங்கு ஏறியது. அதில் சாகிறவர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. தொந்தரவே செய்யாத கட்டிகளுக்காக எத்தனை பேர் கழுத்தை அறுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள், யோசியுங்கள்.

கொலோனோஸ்கோபியையே எடுத்துக்கொள்வோம். 2022ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த நார்டிக் ஆய்வு: பத்து வருடத்தில் புற்றுநோய் வருவது 18% குறைந்தது, மரணத்தில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

நடுச்சாமம், உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பா விஷயத்தில் தவறியது ஸ்கிரீனிங் இல்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவரைச் சோதிப்பதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். அவருக்கு ரத்தசோகை இருந்தது, ரத்தம் போனது. அதற்குப் பெயர் நோயைக் கண்டறிவது. அது மருத்துவத்தின் அரிச்சுவடி. ஒரு ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் குறைந்தால், வயிறும் குடலும் கசிகிறதா என்று தேட வேண்டும். தேடவில்லை. உங்கள் கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் பெயருக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம்.


வெளிச்சக்குழாய் | பதிவு 6

கடைசிப் பத்திக்கு ஒரு கும்பிடு. நார்டிக் ஆய்வை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அது பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களை அழைக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டது. அழைத்தவர்களில் வந்தது 42% பேர்தான். வீட்டிலேயே இருந்துவிட்டவர் குடலில் கடிதம் போய் பாலிப்பை எடுக்காது. உண்மையில் வந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டபோது புற்றுநோய் வருவது 31% குறைந்தது, மரணம் ஏறக்குறைய பாதியானது. அந்தக் கணக்கில் நிச்சயமின்மை கூடுதல் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று வருடா வருடம் பார்த்தே பெருங்குடல் புற்றுநோய் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 1993லேயே மினசோட்டா ஆய்வு காட்டிவிட்டது. அது "கண்டுபிடித்த பின் எத்தனை வருடம்" என்கிற கணக்கில்லை, மரணக் கணக்கு. உங்கள் ஓட்டை இதில் செல்லாது.


சந்தேகப்பிராணி | பதிவு 7

42% என்பது எனக்கும் தெரியும். நீங்கள் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தேன். (சரி, முழுக்க உண்மையில்லை. மரணத்தைப் பாதியாக்கிய அந்தக் கணக்கை இப்போதுதான் போய்ப் படித்தேன்.)


அக்காக்குருவி | பதிவு 8

இந்த இழையை நேற்றிலிருந்து மூடி மூடித் திறக்கிறேன்.

என் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனாள். வயிறு உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள். அவ்வளவுதான் அறிகுறி. பார்த்தபோது மூன்றாம் கட்டம். அஞ்சலி சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "முன்னாடியே செக் பண்ணலையா?" நான் அதை ஒரு வருடம் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் படித்தேன். பிரிட்டனில் 2001ல் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். வருடா வருடம் சிஏ 125 ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். 2021ல் முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனை செய்த குழுவில் கொஞ்சம் முன்னாலேயே கண்டுபிடித்தார்கள், ஆனால் அதனால் மரணம் குறையவில்லை. அதாவது, பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் என்று ஒரு சினைப்பைப் பரிசோதனை இன்றைக்கும் கிடையாது. நான் தவறவிட்ட ஒன்று இருந்ததே இல்லை. அதைப் படித்த அன்று அழுதேன், ஆனால் அது வேறு மாதிரி அழுகை.

பரிசோதனையைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாப் புற்றுக்கும் பரிசோதனை இருக்கிறது என்கிற தொனியில் மட்டும் பேசாதீர்கள். கணையத்துக்கு இல்லை. மூளைக்கு இல்லை. அந்த வீடுகளில் இருக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.


நடுச்சாமம் | பதிவு 9

அக்கா, உங்கள் பதிவைப் பல முறை படித்தேன். தலைப்பில் "பரிசோதனை செய்திருந்தால்" என்று முதலில் போட்டுவிட்டு அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இப்போது புரிகிறது.

வெளிச்சக்குழாய், அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு அக்கா. சித்தப்பாவுக்கு 57 வயது. அவரைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. அத்தை நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். "வயிற்றுக் கட்டி" என்று சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சு மாறிவிடும்.


கண்ணாடிச்சில்லு | பதிவு 10

நடுச்சாமம், நில்லுங்கள். அத்தைக்கு என்ன வயதில்? "வயிற்றுக் கட்டி" என்றால் குடலா, கர்ப்பப்பையா? வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா? ஏன் கேட்கிறேன் என்று அப்புறம் சொல்கிறேன்.


நெறியாளர் | பதிவு 11

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ஒரே மாதத்தில் கட்டி கரையும் என்று சொல்லித் தொலைபேசி எண் கொடுப்பதற்கு இது இடமில்லை. பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இழையில் வந்து கடை விரிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ. எண் முடக்கப்பட்டது. தொடருங்கள்.


ரயில்பூச்சி | பதிவு 12

என் அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அக்காக்குருவி சொன்னதற்கு நேர் எதிர் நிலைமை எங்களுடையது, அதனால்தான் எனக்கு ஆறவில்லை. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, காரணம் ஹெச்பிவி என்கிற வைரஸ் என்று கண்டுபிடித்தவருக்கு 2008ல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். 35 வயதில் ஒரு தடவை, 45 வயதில் ஒரு தடவை நல்ல பரிசோதனை ஒன்று, நூற்றுக்கு எழுபது பெண்களுக்குச் செய்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. ஆயுளில் இரண்டே தடவை! அம்மா ஒரு தடவைகூடச் செய்யவில்லை. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அதற்கெல்லாம் வெட்கம். எனக்கும் அவளிடம் சொல்ல வெட்கம்.

நான் இப்போது செய்துகொண்டேன். ஐந்து நிமிடம். இதற்காகவா என்று இருந்தது.


நடுச்சாமம் | பதிவு 13

கண்ணாடிச்சில்லு, அம்மாவிடம் கேட்டேன். முதலில் "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றாள். பிறகு இரவு அவளே வந்து சொன்னாள். அத்தைக்குக் கர்ப்பப்பைப் புற்று. 46 வயது. கல்யாண வயதில் பெண் இருந்ததால் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்களாம். தாத்தாவும் "குடல் புண்" என்று சொல்லி ஐம்பது வயதுக்குள் போய்விட்டார், அது என்ன புண் என்று யாருக்கும் தெரியாது.


கண்ணாடிச்சில்லு | பதிவு 14

நான் நினைத்தது சரியாக இருக்கக்கூடும். தப்பாகவும் இருக்கலாம். நான் மருத்துவன் இல்லை, பேத்தாலஜி ஆய்வகத்தில் சதைத் துண்டுகளைச் சீவிச் சாயமேற்றுகிற டெக்னீஷியன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய கதை. 1895ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்று ஒரு பேத்தாலஜிஸ்ட். அவர் வீட்டுக்குத் தைத்துக் கொடுக்கும் பெண் ஒருநாள் சோகமாக இருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள், நானும் இளம் வயதிலேயே போய்விடுவேன் என்றாளாம். அவர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கி 1913ல் வெளியிட்டார். அவள் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தாள். அரை நூற்றாண்டு கழித்து ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்றைக்கு அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற ஜீன்களில் ஒன்று பழுதாகிவிடுகிறது. அந்தத் தையல்காரப் பெண்ணின் குடும்பத்தில் பழுதானது எம்எஸ்ஹெச்2 என்கிற ஜீன் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

குடலும் கர்ப்பப்பையும் ஒரே குடும்பத்தில் வந்தால் எங்களுக்குக் காது விடைக்கும். அதனால்தான் கேட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் அப்பாவின் கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக வைத்திருப்பார்கள், பிளாக் என்போம். அதைத் தூக்கிப் போடுவதில்லை, பல வருடம் பத்திரமாக அலமாரியில் இருக்கும். அந்த பிளாக்கில், பிழை திருத்தும் அந்த ஜீன்கள் உண்டாக்குகிற நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கலாம். இப்போதெல்லாம் பல இடங்களில் பெருங்குடல் புற்று என்றாலே இதைச் செய்துவிடுகிறார்கள். அப்பாவின் ஃபைலில் பேத்தாலஜி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்று ஏதாவது இருக்கிறதா?


நடுச்சாமம் | பதிவு 15

அந்த ஃபைலை நான் ஏழு மாதமாகத் தொடவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.


நடுச்சாமம் | பதிவு 16

பார்த்தேன். அந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. பிளாக் எண் மட்டும் இருக்கிறது.


சந்தேகப்பிராணி | பதிவு 17

இதற்கிடையில் ஒரு வேண்டுகோள். பயத்தில் போய் "முழு உடல் பரிசோதனை", "பன்னிரண்டு வகை டியூமர் மார்க்கர்" (புற்றின் அடையாளத்தை ரத்தத்தில் தேடுவது) என்று எதையாவது கட்டிக்கொண்டு வராதீர்கள். சிஇஏ மாதிரியானவை ஏற்கெனவே நோய் இருப்பவரைக் கண்காணிக்கப் பயன்படுபவை. நலமாக இருப்பவருக்கு அவை சும்மா ஏறும், ஏறியதால் ஸ்கேன், ஸ்கேனில் ஏதோ ஒரு புள்ளி, புள்ளிக்காகப் பயாப்ஸி என்று போகும். நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் நுரையீரல் புள்ளி ஒன்று ஒன்றரை வருடம் என்னைத் தின்றது. கடைசியில் அது எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பு. நான் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை, எனக்கு அந்த ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது. வருடக் கணக்கில் புகைத்தவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தால் நுரையீரல் புற்று மரணம் 20% குறைவதாக 2011லேயே வந்துவிட்டது.


எறும்பு | பதிவு 18

குறுக்கே ஒரு கேள்வி. மலத்தில் ரத்தம் பார்க்கும் டெஸ்ட் போதாதா? கொலோனோஸ்கோபி என்றாலே என் அப்பா வீட்டை விட்டே ஓடிவிடுவார்.


வெளிச்சக்குழாய் | பதிவு 19

குடும்பத்தில் யாருக்கும் இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் தாராளமாக. ஃபிட் என்பார்கள். வீட்டிலேயே ஒரு குச்சியில் துளி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை செய்தால் நான்கில் மூன்று புற்றைப் பிடிக்கும். பாலிப்பைப் பிடிப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் வருடா வருடம் செய்யச் சொல்கிறார்கள். தொடங்கும் வயது 50 என்று இருந்ததை அமெரிக்காவில் 2021ல் 45 ஆக்கிவிட்டார்கள், இளையவர்களுக்கு வருவது கூடிக்கொண்டே போவதால். ஃபிட்டில் இருக்கிறது என்று வந்தால் அப்புறம் கொலோனோஸ்கோபியிலிருந்து தப்ப முடியாது, அதை மட்டும் அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஃபிட்டில் காலம் கடத்தாதீர்கள், நேராக மருத்துவர்.

இன்னொன்று. மூலம் இருப்பவருக்குப் புற்றும் இருக்கலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. நடுச்சாமத்தின் அப்பாவுக்கு மூலம் நிஜமாகவே இருந்திருக்கும். அதுதான் எல்லோர் கண்ணையும் மறைத்திருக்கும்.


நடுச்சாமம் | பதிவு 20

ஆறு வாரம் ஆகிவிட்டது. யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை.

பிளாக்கை அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. அப்பாவில் ஒரு துண்டு இன்னும் ஒரு அலமாரியில் எண் ஒட்டி இருக்கிறது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முதலில் சங்கடமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 இரண்டும் இல்லை.


கண்ணாடிச்சில்லு | பதிவு 21

அவை இரண்டும் ஜோடி. எம்எஸ்ஹெச்2 இல்லையென்றால் எம்எஸ்ஹெச்6 தனியாக நிற்காது, அதனால் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். இது லிஞ்ச் என்று முடிவாகச் சொல்லாது, ஆனால் பலமாகக் கை காட்டுகிறது. அடுத்தது ரத்தத்தில் ஜீன் பரிசோதனை. ஜெனடிக் கவுன்சிலர் (பரம்பரை நோய்களுக்கு ஆலோசனை சொல்பவர்) ஒருவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நேராக ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். முதலில் சித்தப்பா. அவரிடம் பழுது எது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அத்தைக்குப் பெண் இருக்கிறாள் என்றீர்களே, அவளையும் மறக்காதீர்கள்.

அப்பாவிடம் அது இருந்திருந்தால் உங்களுக்கும் அக்காவுக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் இரண்டு தடவை சுண்டப்படுகிறது. ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராது என்ற கணக்கெல்லாம் இல்லை.

வெளிச்சக்குழாய் சொன்ன 40 வயது விதி இனி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். லிஞ்ச் இருப்பவர்களுக்கு இருபதுகளிலேயே தொடங்கி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி. பாலிப் புற்றாக மாறப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளாது, ஓரிரு வருடத்திலேயே ஓடிவிடும்.


அக்காக்குருவி | பதிவு 22

தம்பி, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்காவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா?


நடுச்சாமம் | பதிவு 23

காட்டினேன். "தெரிஞ்சா என்ன பண்ணப் போற?" என்றாள். நான் அந்தக் களிம்பு டியூப்களைப் பற்றி அவளிடம் அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எத்தனை டியூப்?" என்று மட்டும் கேட்டாள்.


நடுச்சாமம் | பதிவு 24

நான்கு மாதம் கழித்து வருகிறேன். விட்ட இடத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு அந்தப் பழுதான ஜீன் இருக்கிறது. கொலோனோஸ்கோபியில் ஏறுகுடலில் 12 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று, இன்னொன்று சின்னது. இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள், புற்று இல்லை. மயக்கம் தெளிந்து எழுந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணனுக்கும் இவ்வளவு சின்னதாத்தான் இருந்திருக்குமா ஒரு காலத்துல?" நான் ஆமாம் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அத்தை மகள் முதலில் தொலைபேசியையே எடுக்கவில்லை. இப்போது அவளே கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறாள்.

என் முடிவும் அக்கா முடிவும் ஒரே நாளில் வந்தன. எனக்கு இல்லை. அக்காவுக்கு இருக்கிறது.

எனக்கு இல்லை என்பதை யாரிடமும் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை. கவுன்சிலர் அறையிலிருந்து வெளியே வந்து கார் வரைக்கும் இருவரும் பேசவில்லை. கதவைத் திறக்கும்போது அக்காதான் சொன்னாள்: "மூக்கும் அப்பா மூக்கு எனக்குத்தான் வந்துது. விடு." அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன்.

அவளுக்கு நாளை காலை கொலோனோஸ்கோபி. கர்ப்பப்பை, சினைப்பை பற்றிப் பேச அடுத்த வாரம் வேறு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.


வெளிச்சக்குழாய் | பதிவு 25

நாளைக்கா! சரி, இதைக் கேளுங்கள். அந்தக் குடல் சுத்தம் செய்யும் மருந்தை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள், ஸ்டிராவில் குடித்தால் நாக்கில் அவ்வளவாகப் படாது. இரண்டு பாகமாகக் கொடுத்திருந்தால் இரண்டாவது பாகத்தை விடவே கூடாது, விடியற்காலை எழுந்து குடிக்க வேண்டும். நிறையப் பேர் முதல் பாகத்திலேயே சுத்தமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் தட்டையான பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும், அவளுக்கு அது ஆகாது. வெளியே வருவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். வெட்கப்படாமல் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.


நடுச்சாமம் | பதிவு 26

ஏழு மணிக்கு முதல் பாகம் தொடங்கினாள். இப்போது நான்காவது டம்ளர். உங்கள் பதிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உள்ளேயிருந்து கத்துகிறாள், எட்டிப் பார்த்துவிட்டாளாம், இன்னும் மஞ்சள் ஆகவில்லையாம், இதையும் இழையில் போடு என்கிறாள்.

போட்டுவிட்டேன். அலாரம் நான்கு மணிக்கு.